ராகு காலத்தில் போக்கர்

புதிதாக டிப்ளமோ வாங்கியவளிடம் ஒன்றரை மணி நேரத்தைச் சும்மா கொடுத்து வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கொடுத்தார்கள். (எலெக்ட்ரானிக்ஸ். சும்மா கிடக்கிற எதைப் பார்த்தாலும் இணைப்புக் கொடுக்கத் தோன்றும்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பெண் பார்த்துப் போன அன்றே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. அவர் போட்டோ அவளுடைய டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் குடியேறியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவாகப் பேச மாப்பிள்ளையின் அப்பா ராஜபாளையத்துக்கு வந்தார். பஸ் தாமதம். அவர் எங்கள் வாசல் ஏறும்போது மணி நாலரை. ராகு காலம். ஆறு மணி வரை கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது.

அதை விட்டால் அவரோடு பேச எங்களுக்கு வேறு விஷயமே கிடையாது. மில்லில் ஸ்டோர் கீப்பர் அவர். எண்ணிப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே விடாதவர். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சீட்டுக்கட்டோடு வந்தேன். ஹாஸ்டலில் கற்ற போக்கர். பந்தயத்துக்குப் புளியங்கொட்டை.

விதிகளை நோட்டில் எண் போட்டு எழுதியே கொடுத்தேன். ஒன்று, ஆளுக்கு ஐந்து சீட்டு. இரண்டு, பந்தயம். மூன்று, வேண்டாத சீட்டைக் கொடுத்துப் புதிது வாங்கலாம். நான்கு, மறுபடி பந்தயம், துணிவில்லாதவர் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடலாம். ஐந்து, கடைசிவரை நின்றவர்களில் ஜோடி, மூன்று என்று பெரிய சேர்க்கை உள்ளவருக்குக் கொட்டை.

ஆறாவது விதியை அம்மாவின் காதில் மட்டும் சொன்னேன். தோற்றுக்கொண்டே இருந்தாள், பாவமாக இருந்தது. “கையில ஒண்ணுமே இல்லாட்டாலும் எல்லாம் இருக்க மாதிரி மூஞ்சிய வச்சிக்கணும்மா.”

அடுத்த ஆட்டத்தில் அம்மா மிச்சமிருந்த கொட்டைகளை மொத்தமாக நகர்த்தினாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. ஸ்டோர் கீப்பர் யோசித்தார், வியர்த்தார், கையிலிருந்த மூன்று ராஜாக்களைக் கவிழ்த்தார். ஜெயித்த சந்தோஷத்தில் அம்மா தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினாள். ஒரு ஜோடிகூட இல்லை. நான் கைதட்டினேன். (கைதட்டிய ஒரே ஆள் நான்தான்.)

ஆறு மணிக்குப் பேச்சு தொடங்கியது. கேசரி வந்தது. (கிண்டியது நான்.) அம்மா சொன்னாள்:

“மூத்தவதான் கிண்டுனா அண்ணாச்சி. சமையல் அம்புட்டும் அவ கைதான். கோவம்னா என்னன்னே தெரியாது.”

எல்லா வீட்டிலும் சொல்வது, எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வது. அவர் தலையாட்டவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தார்.

“தப்பா நெனைக்காதீக மதினி. செத்த முன்ன மூணு ராசாவக் கவுக்க வச்சீகளே, அதே மொகமால்ல இருக்கு.”

வீட்டில் கலந்து பேசி எழுதுவதாகச் சொல்லிப் போனார். எழுதவில்லை. அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கோபம் என்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம் வேறு மாப்பிள்ளை. இந்த முறை அம்மா பேச்சை எடுக்கும் முன்பே வந்தவர்களை அடுப்படிக்குக் கூட்டிப்போய், அக்கா கேசரி கிண்டுவதை நின்று பார்க்க வைத்தாள். அடிப்பிடித்தது. கல்யாணம் நடந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும், சாப்பிட்டேன் என்றால்கூட, “ஏட்டி, சீட்டக் காமி” என்று கை நீட்டுவார்கள். அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்பாள்.

டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் இருந்த அந்த போட்டோ என்ன ஆயிற்று என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன்.

“அன்னைக்கே கிழிச்சிட்டேன்” என்றாள், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

சீட்டைக் காட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.