விக்னராஜாவின் மூன்றாவது சில்லு

சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் வசிக்கும் திரு. விக்னராஜாவின் வலது முழங்கால், கடந்த குளிர்காலத்தில் பிளாக்டவுன் சிவப்பு விளக்கொன்றின் முன், பொதுமக்கள் முன்னிலையில், தன் பொறுப்புகளிலிருந்து விலகிக்கொண்டது. முன்னறிவித்தல் எதுவும் கொடுக்கவில்லை.

அவர் ஓட்டிவந்தது நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள். பழைய மாடல். அது நின்ற இடத்திலேயே, சேற்றில் படுக்கும் எருமையைப் போல, எந்த அவசரமும் இல்லாமல் வலப்பக்கம் சாய்ந்து படுத்தது. பின்சீட்டில் இருந்த மனைவி சந்திரவதனாவும் அதோடு சேர்ந்து மெல்லத் தரைக்கு வந்தார். ஒருவருக்கும் காயமில்லை. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள்தான் எழுந்து நின்று பார்த்தார்கள்.

சந்திரவதனா எழுந்து ஹெல்மெட்டைச் சரிசெய்தார்.

"இஞ்சருங்கோ, இறக்கிறதெண்டால் வாயால சொல்லியிருக்கலாமே."

டாக்டர் பார்த்துவிட்டு, நடக்கலாம், படியேறலாம், ஆனால் அந்தப் பாரத்தைக் காலூன்றித் தாங்க முடியாது என்றார். பிள்ளைகள் வண்டியை விற்கச் சொன்னார்கள். விக்னராஜா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காரில் ஏறினால் சந்திரவதனா போனைப் பார்ப்பார். மோட்டார் சைக்கிளில் ஏறினால் கணவரின் முதுகில் தட்டித் தட்டி, "அங்க பாருங்கோ, குதிரை," "அங்க பாருங்கோ, மழை வருது" என்று வழி முழுக்கக் கதைப்பார். கல்யாணமான காலத்துச் சந்திரவதனா அந்தப் பின்சீட்டில் மட்டும்தான் இருந்தார். அதை எப்படி விற்பது?

வேர்க்ஷொப்காரன் ஒரு வழி சொன்னான். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சில்லுப் பூட்டினால் வண்டி தானாகவே நிற்கும், காலூன்ற வேண்டியதில்லை. இருக்கிற பழைய வண்டியையும் மாற்றலாம். அதை விற்றுப் புது மாடல் வாங்கி, அதையும் மாற்றலாம்.

பழசா, புதுசா? வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி முடிவெடுத்திருக்க வேண்டிய விஷயம். விக்னராஜா அதை மேற்குச் சிட்னித் தமிழர் உந்துருளிப் பேரவைக்குக் கொண்டுபோனார்.

பேரவை, மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் உந்துருளி என்ற சொல்லுக்குப் புத்துயிர் அளிக்கவும், ஆண்டுதோறும் மெல்பேர்னுக்கு ஓர் ஊர்வலம் போகவும் தோற்றுவிக்கப்பட்ட அமைப்பு. உறுப்பினர் எல்லோரிடமும் கறுப்புத் தோல் ஜாக்கெட் உண்டு; முதுகில் பேரவையின் சின்னம் உண்டு. தலைவர் அருந்தவன் ஒரு கணக்காளர். செயலாளர் பாஸ்கர், தமிழ்நாட்டிலிருந்து வந்து குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு கட்டிய கம்ப்யூட்டர்க்காரர்.

"சார், புதுசுதான்," என்றார் பாஸ்கர். "ஆட்டோமேட்டிக் கியர். இடது காலுக்கு வேலையே இல்ல. உங்க முழங்காலுக்குன்னே டிசைன் பண்ணியிருக்கான்."

"எனக்கு நோவு வலது கால்ல, தம்பி."

எந்தக் கால் என்பது உறுப்பினரின் சொந்த விஷயம், அதில் பேரவை தலையிடாது என்று முடிவாயிற்று.

"பழசுதான் திறம்," என்றார் அருந்தவன். "அது முழு இரும்பு. புதுசுக்கு எல்லாம் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரை நம்பி நடுரோட்டில நிக்கேலாது."

"கம்ப்யூட்டர நம்பித்தான் சார் பேரவைக்கே வெப்சைட் நடத்தறோம்."

"அதுதான் ஆறு மாசமா வேலை செய்யேல்லை."

அன்றோடு பேரவை இரண்டாகப் பிரிந்தது. பழைமை அணி கதவுப் பக்கமும் புதுமை அணி தேத்தண்ணிப் பக்கமும் இருந்தன. தேத்தண்ணி கிடைக்காத காரணத்தால் பழைமை அணியிலிருந்து சிலர் கட்சி மாறினார்கள். இதற்கிடையில் யாரோ, மூன்று சில்லுப் பூட்டினால் அது உந்துருளியா, முச்சக்கர வண்டியா என்று கேட்டுவிட்டார்கள். முச்சக்கர வண்டி என்றால் ஊரில் ஆட்டோ. ஆட்டோ வைத்திருப்பவர் பேரவையில் இருக்கலாமா? இதை ஆராய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது.

"அப்ப நான் எதை மாத்திறது?" என்று விக்னராஜா கேட்டார்.

"அரசாங்கத்திட்டக் கேளுங்கோ," என்றார் அருந்தவன். பேரவையில் அன்று ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

மாற்றியமைத்த வாகனங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு விக்னராஜா மனைவியோடு போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். பெயர் ராகவி. விக்னராஜாவுக்குப் பாதி நோவு அங்கேயே மாறிவிட்டது.

"வணக்கம் அங்கிள், அன்ரி. இருங்கோ," என்றாள் அன்பாக. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அலுவலகக் குரலுக்கு மாறினாள். "பழசை மாத்தினால் மூன்று சில். அதுக்கு ரிவேர்ஸ் கியரும் இருக்கு. அப்ப அது கார் மாதிரி. கார் எண்டால் சீற் பெல்ற் வேணும்."

"சரி, சீற் பெல்ற் போடுறன்."

"சீற் பெல்ற் போட்ட மோட்டார் சைக்கிள் ஆபத்து, அங்கிள். அனுமதி இல்லை."

"அப்ப புதுசு?"

"புதுசுக்குள்ள சாய்வை அறியிற கருவி இருக்கு. மோட்டார் சைக்கிள் வளைவில சாய வேணும். மூன்று சில் எண்டால் சாயாது. சாயாட்டில், அது ஓடேல்லை எண்டு கம்ப்யூட்டர் நினைக்கும். ஓடாத வாகனத்துக்கு ரோட்டில ஓட அனுமதி குடுக்கேலாது."

விக்னராஜா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"பேசாமல் பழையபடி ரெண்டு சில்லிலயே ஓடட்டோ?"

"உங்கட முழங்காலோடயோ? வேண்டாம் அங்கிள்."

"பிள்ளை, அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"அது எங்கட பிரிவுக்குள்ள வராது."

சந்திரவதனா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"மகள், இந்த நாட்டில வேற ஆரும் மூன்று சில் ஓடுறேல்லையோ?"

"ஓடுகினம் அன்ரி. எக்கச்சக்கம் பேர்."

"அவைக்கு எப்பிடி அனுமதி குடுத்தனியள்?"

"அவை வேர்க்ஷொப்பில செய்து, எஞ்சினியரைக் கொண்டு சரிபாத்து, முடிஞ்ச பிறகுதான் வருவினம். நாங்கள் சீல் அடிச்சு விடுவம்." ராகவி குரலைத் தாழ்த்தினாள். "செய்யிறதுக்கு முதல், எது நல்லம் எண்டு கேட்டு வந்த முதல் ஆள் அங்கிள்தான். கேட்டால் நாங்கள் பதில் சொல்லத்தானே வேணும்?"

வெளியே வந்ததும் சந்திரவதனா நேரே புது மாடல் விற்கும் கடைக்குப் போகச் சொன்னார். புது வண்டியின் பின்சீட்டில் ஏறி இருந்தார். முன்னால் அசைந்தார், பின்னால் அசைந்தார், இறங்கினார். வீட்டுக்குப் போய், கராஜில் நின்ற பழசில் ஏறி இருந்தார். அதில் முதுகுக்கு மெத்தை இருந்தது. இரு பக்கமும் கை வைக்க இடம் இருந்தது.

"இதுதான்," என்றார்.

"ஏன்?"

"புதுசில பின்னுக்கு இருக்கிற ஆளைப் பற்றி அவங்கள் யோசிக்கேல்லை. உங்கட பேரவையும் யோசிக்கேல்லை. நீங்கள்?"

விக்னராஜா வேர்க்ஷொப்புக்குப் போன் எடுத்தார்.

மாற்றி முடித்த வண்டியில் முதல்முறை ஏறிய நாள், விக்னராஜா வேண்டுமென்றே அடுத்தடுத்துச் சிவப்பு விளக்குகள் உள்ள ரோட்டாகப் பார்த்துப் போனார். ஒவ்வொரு விளக்கிலும் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு ராஜாவைப் போல நின்றார். பின்னால் சந்திரவதனா விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார்.

மெல்பேர்ன் ஊர்வலத்துக்கான நாளும் வந்தது. அதிகாலையில் குவேக்கர்ஸ் ஹில் வாகனத் தரிப்பிடத்துக்கு இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பேரவை முழுவதும் தோல் ஜாக்கெட்டுடன் திரண்டிருந்தது. வரிசையாகக் கார்கள் நின்றன.

"மோட்டார் சைக்கிள் எல்லாம் எங்க?" என்று சந்திரவதனா கேட்டார்.

பாஸ்கரின் புது வண்டி சாஃப்ட்வேர் அப்டேட்டுக்காகக் கராஜில் நின்றது. அருந்தவனுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிரவில்லை. ஒருவருக்கு மழை வரும் என்று போன் சொன்னது. ஒருவருக்கு மனைவி சொன்னார். இன்னொருவர் தன் வண்டியை விற்று இரண்டு வருடமாகிறது என்பதை அன்றுதான் பேரவை அறிந்தது. எல்லோரும் மற்றவர்கள் ஓட்டி வருவார்கள் என்று நம்பி, அவர்களுக்குத் துணை வாகனமாகக் காரில் சோற்றுப் பார்சலோடு வந்திருந்தார்கள்.

"அப்ப ஊர்வலம் இல்லையோ?" என்றார் விக்னராஜா.

அருந்தவன் நாரியைப் பிடித்தபடி அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். கணக்காளர் அல்லவா, கணக்குப் போட்டார். ஓர் உந்துருளிக்கு இரண்டு சில். விக்னராஜாவிடம் இருப்பது மூன்று. மூன்றை இரண்டால் பிரித்தால் ஒன்றரை. அரையை எப்போதும் மேலே தூக்க வேண்டும், ஆகவே இரண்டு. இரண்டு என்றால் பன்மை. பன்மை என்றால் ஊர்வலம்.

பலத்த கரகோஷத்துக்கிடையே ஊர்வலம் புறப்பட்டது.

முன்னால் விக்னராஜாவும் சந்திரவதனாவும் காற்றிலும் தூறலிலும் போனார்கள். பின்னால் ஹீட்டர் போட்ட கார்களில் பேரவை போனது. இடையில் ஓர் ஊரில் இரவு தங்கி, மறுநாள் பின்னேரம் மெல்பேர்னை அடைந்தார்கள். அங்குள்ள தமிழ் உந்துருளிச் சங்கம் மண்டப வாசலில் மாலைகளோடு காத்துநின்றது. அவர்களும் தோல் ஜாக்கெட் அணிந்திருந்தார்கள். அவர்களும் காரில்தான் வந்திருந்தார்கள்.

இரண்டு சங்கங்களும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு எல்லோருடைய பார்வையும் ஈரத்தோடு நின்ற அந்த ஒரே வண்டியின் மீது விழுந்தது.

அருந்தவன்தான் முதலில் ஏறி இருந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துத் தூரத்தைப் பார்த்தார். பாஸ்கர் போட்டோ எடுத்தார். பிறகு பாஸ்கர் ஏறினார். மெல்பேர்ன் தலைவர் ஏறினார். ஜாக்கெட்டுகள் வரிசையில் நின்றன. ஒவ்வொரு போட்டோவும் "ஹியூம் நெடுஞ்சாலையில் நானும் என் தோழனும்" என்ற விதமான வாசகங்களோடு உடனுக்குடன் உலகத் தமிழர்களிடம் போய்ச் சேர்ந்தது.

கடற்கரைப் பக்கம் போகலாம் என்று சந்திரவதனா ஆசைப்பட்டார். விக்னராஜா வண்டியடிக்குப் போனார்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை," என்றார் அருந்தவன். "முதல்ல உறுப்பினர்கள்."

"நானும் உறுப்பினர்தானே?"

"அது உபகுழுவில கிடக்கு. இன்னும் முடிவாகேல்லை."

சந்திரவதனா கணவனின் முகத்தைப் பார்த்தார். இப்போது ஏதாவது சொல்லப்போகிறார், வண்டியை எடுக்கப்போகிறார் என்று காத்திருந்தார். விக்னராஜா தலைமயிரைக் கோதிச் சரிசெய்தார். ஜாக்கெட்டின் கொலரை நிமிர்த்திவிட்டார். போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

"நீங்களுமோ?" என்றார் சந்திரவதனா.

"எல்லாரும் எடுக்கினம், வதனா. நாளைக்கு நான் மெல்பேர்ன் வந்தனான் எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?"