புயலுக்குக் கிளறின புளியோதரை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். புயல் வர்றதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு மூணு நாளைக்குக் கெடாத சாப்பாடு செஞ்சு, மூடி வைக்கணும்.

செஞ்சேன். மூடறதுலதான் கோட்டை விட்டேன்.

நாங்க இருக்கறது ஆந்திராவுல, புத்தூர் பக்கத்துல ஒரு கிராமம். பொண்ணு பெங்களூர்ல. பையன் முரளி அமெரிக்காவுல, புளோரிடாவுல. எங்க தெருவுல பாதி வீடு இப்படித்தான். பசங்க அனுப்பின காசுல மாடி ஏறிடுச்சு, மாடிப்படி ஏறத்தான் ஆள் இல்ல.

காலையிலயே முரளி வீடியோவுல வந்துட்டான். அவன் ஊர்ல வருஷா வருஷம் புயல் வருமாம். அதனால புயல்னா அவன்தான் பெரிய ஆள்.

"மா, ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சிட்டீங்களா?"

எங்க வீட்டுக்காரர் பின்னாடி இருந்து எட்டிப் பார்த்தார். "பலகையா? இங்க கொசுவலையே பிஞ்சி தொங்குது நைனா."

"பாத்டப்புல தண்ணி ரொப்பிக்குங்க."

"பக்கெட்டு கீது, ரொப்பிக்கினோம். அடுத்தது சொல்லு."

"அடுப்பு பத்த வைக்காம துன்ற மாதிரி சாப்பாடு எடுத்து வைங்க. நைனாவுக்கு சுகர் இருக்கு, பசியோட மாத்திரை போடக் கூடாது."

எங்க பக்கம் அப்பாவும் நைனாதான், புள்ளையும் நைனாதான். முரளி சொன்னதுல அது ஒண்ணுதான் எனக்கு உருப்படியா புரிஞ்சது. இவர் சக்கரைக்காரர். மாத்திரை போட்டுட்டு சாப்பிட லேட்டானா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். சிலிண்டரோ கடைசி மூச்சுல இருக்கு. புக் பண்ணியாச்சு, ஆனா புயல் போனப்புறம்தான் வண்டி வரும்னு சொல்லிட்டாங்க. கரண்ட் போனா கரண்ட் அடுப்பும் வேலைக்கு ஆகாது.

நம்ம ஊர்ல கெடாத சாப்பாடுன்னா என்ன? புளியோதரை. அதுக்கு யாரையும் கேக்கணுமா?

அன்னைக்குப் புரட்டாசி சனிக்கிழமை வேற. நான் எப்பவும்போல தலைக்குக் குளிச்சு, நாமம் இட்டுக்கிட்டு, பெரிய குண்டான்ல கிளறினேன். நல்லெண்ணெய் தாராளமா விட்டேன். வேர்க்கடலை எங்க கொல்லையில விளைஞ்சது. பெருங்காயத்தை வறுத்துப் போட்டதும் சிலிண்டர் தீர்ந்து, அடுப்பு ஒரு தடவை பக்குனு எரிஞ்சு அணைஞ்சது. பாருங்க, பெருமாளே அளவு பார்த்துக் கொடுத்திருக்கார்னு நான் பூரிச்சுப் போயிட்டேன்.

அந்தப் பூரிப்புல செஞ்சதுதான் தப்பு.

புரட்டாசி சனிக்கிழமை ஒரு குண்டான் நிறைய புளியோதரையை சாமிக்குக் காட்டாம எப்படி மூடறது? எனக்குக் கை வரல. படத்துக்கு முன்னாடி வச்சு, துளசி போட்டு, கற்பூரம் ஏத்தி, மணி அடிச்சேன்.

எங்க வீட்டுக்காரர் கூடத்துல இருந்து கேட்டார். "இன்னாமே, துன்றதுக்கு எடுத்து வைக்கிறதுக்கு எதுக்கு மணி?"

"சாமிக்குக் காட்டாம எப்படிங்க?"

"காட்டலாம். சத்தமில்லாம காட்டலாம்."

அவர் சொன்னதோட அர்த்தம் எனக்கு ரெண்டு நிமிஷம் கழிச்சு விளங்குச்சு. சாமிக்குக் காட்டற வரைக்கும்தான் அது எங்க சாப்பாடு. காட்டிட்டா பிரசாதம். பிரசாதத்தை மூடி வைக்கவும் முடியாது, வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்லவும் முடியாது. அதுவும் இந்த மாசத்துல. அதுவும் திருப்பதி மலை கண்ணுக்குத் தெரியற ஊர்ல.

முதல்ல பக்கத்து வீட்டு ரமணம்மா வந்தா. வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ், என்கிட்ட ரெண்டும். நான் அவளுக்கு வதினா, அதாவது அண்ணி.

"ஏன் வதினா, பெருமாளுக்குத் தளிகை போட்டியா? செப்பவே லேதே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தளிகை இல்ல ரமணம்மா, புயலுக்கு..."

"புயலுக்கு வேண்டுதலா? அடடா." ரெண்டு கையையும் ஏந்திட்டா.

ஏந்தின கையில என்ன சொல்றது? ஒரு கரண்டி போட்டேன். கண்ணுல ஒத்திக்கிட்டு, "எங்க ஊட்ல இன்னும் நாலு பேரு கீறாங்க"ன்னா.

அவ போன சுருக்குல கோவிந்தா கோஷ்டி வந்துடுச்சு. புரட்டாசியில சொம்புக்கு நாமம் போட்டுக்கினு வீடு வீடா அரிசி வாங்க வருவாங்க இல்ல, அவங்க. வெளியில தூறல். எல்லாரும் யூரியா பையைத் தலைக்குக் கவுத்துக்கினு நின்னாங்க. நெத்தி நாமம் கரைஞ்சு மூக்கு வரைக்கும் வந்துடுச்சு.

"கோவிந்தா, கோவிந்தா."

"இன்னைக்கு எதுக்குப்பா வந்தீங்க? புயல் எச்சரிக்கை ஆச்சே."

"புயலுக்கு லீவு உண்டு தாயி, சனிக்கிழமைக்கு ஏது?"

அவங்களுக்கு அரிசி மட்டும் போட்டு அனுப்பியிருக்கலாம். பெருங்காய வாசனை வாசல் வரைக்கும் வந்து அவங்களை உள்ள கூப்பிட்டுக்கினு இருக்குது. நான் என்ன பண்ணுவேன்?

இவர் குண்டானை எட்டிப் பார்த்துட்டு, "பாதி கீது. இப்பவாவது கதவை சாத்து"ன்னார்.

சாத்தப் போனேன். மைக் கட்டின ஆட்டோ வந்து நின்னுடுச்சு. காலையில இருந்து ஊர் ஊரா "புயல் வருது, யாரும் வெளிய வராதீங்க"ன்னு தெலுங்குலயும் தமிழ்லயும் சொல்லிக்கினே வந்த தம்பி, தொண்டை கட்டிப் போய், தண்ணி கேட்டார். வெறும் தண்ணி எப்படிக் கொடுக்கறது? இலையில கொஞ்சம் வச்சேன்.

ஆட்டோவுல உட்கார்ந்தே சாப்பிட்டார். மைக்கை அணைக்கல.

"அம்மா, புளிஹோர சால பாகுந்தி. ரொம்ப நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் வைங்க."

மேலத் தெரு, கீழத் தெரு, ஏரிக்கரை, எல்லா இடத்துக்கும் கேட்டுச்சாம். வெளிய வராதீங்கன்னு சொன்னப்ப வீட்டுக்குள்ள அடங்கின ஜனம், இதுக்கு எங்க வாசலுக்கே வந்துடுச்சு. புயலுக்குப் பயந்து வேலைக்குப் போகாத எல்லாரும் சும்மாத்தானே இருக்காங்க?

கடைசியா ஏரிக்கரை குடிசைக்காரங்க ரெண்டு பொம்பளைங்க தூக்குச்சட்டியோட வந்தாங்க. அவங்க குரல் வேற மாதிரி இருந்தது.

"எங்களை இஸ்கூல்ல தங்க வச்சிக்கிறாங்கம்மா. சாப்பாட்டு வண்டி இன்னும் வரல. புள்ளைங்க அழுவுது."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவத்தைப் பார்த்தார். அப்புறம் அவரே எழுந்து வந்து குண்டானைச் சாய்ச்சுப் பிடிச்சார், நான் வழிச்சுப் போட. துளசி இலை மட்டும் ஒட்டிக்கினு இருந்தது.

அவங்க போனதும் சொன்னார்: "நல்லா தயாராயிட்டோம்மே. கழுவறதுக்குத் தண்ணி நெறைய ரொப்பி வச்சிக்கிறோம்."

அந்த நேரம் பார்த்து முரளி மறுபடியும் வந்தான். "மா, சாப்பாடு ரெடியா?"

"செஞ்சிட்டேன்பா." பொய் சொல்லலையே.

"எங்க கீதுன்னு கேளு நைனா," இவர் குரல் கொடுத்தார். நான் கரண்ட் போகப் போகுதுன்னு சொல்லி போனை வச்சுட்டேன். அது பொய்யோன்னு பயந்தேன். போனை வச்ச கையோட நிஜமாவே போயிடுச்சு. பெருமாள் என்னைக் கைவிடறதில்ல.

ஆனா பொழுது சாய்ஞ்சுடுச்சு. காத்து தென்னையைப் பிடிச்சு ஆட்டுது. இவருக்கு மாத்திரை நேரம். வீட்ல அரிசி இருக்கு, அடுப்பு இல்ல. சாமி படத்துக்கு முன்னாடி நின்னு, "ஊருக்கே உன் பேர்ல போட்டேன், இந்த மனுஷனுக்கு ஒரு வாய்க்கு வழி பண்ணு"ன்னு கேட்டேன். கேட்டேன்னு என்ன, கொஞ்சம் சண்டையே போட்டேன்.

கொல்லைப்பக்கக் கதவை யாரோ தட்டினாங்க. ரமணம்மா. முந்தானைக்குள்ள மூடின சட்டி. அவ வீட்ல இன்னும் விறகடுப்புதான்.

"ராகி களி, வதினா. வேர்க்கடலைத் தொகையல். அண்ணன் சக்கரைக்காரர் ஆச்சே, இவ்ளோ புளிசோறு துன்னா ஆவுமான்னு எனக்கு ஒரே கவலை."

இவர் ரெண்டு உருண்டை சாப்பிட்டுட்டு, "சக்கரைக்கு இதுதான் நல்லது"ன்னு எனக்குக் கேக்கற மாதிரி ரமணம்மாகிட்ட சொன்னார்.

விடிஞ்சு பார்த்தா வெயில். புயல் கடல்லயே வலுவிழந்து வடக்க போயிடுச்சாம். நான் கும்பிட்டுட்டு வாசல் தெளிக்க வந்தா, தெருவே என்னைக் கும்பிடுது.

"தளிகை போட்டுப் புயலைத் திருப்பி அனுப்பிட்டியே தாயி."

"அய்யோ, அது நாங்க துன்றதுக்கு, பயத்துல செஞ்சதுங்க"ன்னு உண்மையைச் சொன்னேன்.

"பாரு, எவ்ளோ அடக்கம்"ன்னு ரமணம்மா கன்னத்துல போட்டுக்கிட்டா.

இப்பல்லாம் வங்கக் கடல்ல எங்க காத்தழுத்தத் தாழ்வு உருவானாலும், டிவிக்காரன் சொல்றதுக்கு முன்னாடி எங்க வாசலுக்குத் தூக்குச்சட்டி வந்துடுது.