பெருச்சாளியின் பைக்கும் மரங்கொத்தி மாட்டிய சாமான்களும்

ஒரு காட்டில் ரோடு வருவதற்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. அந்தக் காட்டில் கோமதியம்மாள் என்று ஒரு பெருச்சாளி இருந்தாள். மருத்துவச்சி. நல்ல கைராசிக்காரி. ஆனால் கால் குட்டை. மலைக்கு அந்தப் பக்கம் மானுக்கு வலி எடுத்திருக்கிறது என்று ஆள் வந்தால், அந்த நிமிஷமே மருந்துப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் போய்ச் சேரும்போது குட்டி எழுந்து வாசலில் நின்று, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுக்கும்.

"கோமதி பிரசவம் பார்க்கவா போறா? காப்பி குடிக்கல்லா போறா" என்று காடே பேசியது. அவளுக்குப் பொறுக்கவில்லை. காட்டுத் தலைவர் உலகநாத யானையிடம் போய் அழுதாள். யானை இளகிய மனசுக்காரர். சார்ஜ் போட்டு ஓட்டுகிற பைக் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்.

கோமதியம்மாள் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினாள். சத்தமே இல்லை. மேட்டில் ஏறியது, ஓடையைத் தாண்டியது, அத்திமரத்தை வளைத்துக்கொண்டு வந்து நின்றது. காற்றில் மீசையெல்லாம் காதோடு ஒட்டிக்கொண்டது. "இனிமே எந்தக் குட்டியும் என்னை முந்திப் பொறக்க முடியாது" என்றாள்.

ஒரே ஒரு குறை. மருந்துப்பையை வைக்க இடமில்லை. மடியில் வைத்தால் ஹேண்டில் திரும்பமாட்டேன் என்கிறது. ஆகவே வண்டிச் சாமான் கடை வைத்திருந்த மரங்கொத்தி ஞானதுரையிடம் போனாள். கூடவே அவள் புருஷன் சங்கரபாண்டியும் போனான்.

"ஞானதுரை, பை மாட்ட ஒரு கொக்கி வேணும். அவ்வளவுதான்."

மரங்கொத்தி வண்டியைச் சுற்றிவந்தான். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, வண்டியில ஒரு ஓட்டைகூட இல்லியே."

ஞானதுரை பேராசைக்காரன் இல்லை. யாரையும் ஏமாற்றுகிறவனும் இல்லை. துளை போடுவதில் அவனுக்கு ஒரு ஆனந்தம், அவ்வளவுதான். துளை போட்டால் அதில் எதையாவது மாட்டித்தானே ஆகவேண்டும்?

"கொக்கியில மாட்டினா மழையில மருந்து நனைஞ்சிரும். பெட்டி போடுதேன்" என்றான். அது நியாயமாகத்தான் இருந்தது. இடது பக்கம் பெட்டி போட்டதும் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. சமன் செய்ய வலது பக்கமும் ஒரு பெட்டி. இருட்டில் போகவேண்டி வருமே என்று பெரிய லைட். பின்னால் சிறுத்தை வந்தால் தெரியவேண்டும் என்று இரண்டு பக்கமும் கண்ணாடி. திருடனைக் கண்டு யாராவது 'வீல்' என்று கத்தினால் கூடவே கத்துகிற அலாரம். சங்கரபாண்டி தன் பங்குக்குப் போன் ஹோல்டர் கேட்டான்.

"உங்களுக்கு எதுக்கு? ஓட்டப்போறது நான்லா" என்றாள் கோமதியம்மாள்.

"பின்னாடி உக்காந்திருக்கவன் வழி பூரா உன் முதுகையே பாத்துக்கிட்டு இருக்கவா? ஒரு பாட்டு கேக்கக் கூடாதா?"

போன் ஹோல்டர் வந்தது. பாட்டுக்கு ஸ்பீக்கர் வந்தது. வியர்க்கிறது என்று குட்டி பேன் வந்தது. இவ்வளவுக்கும் சார்ஜ் போதாது என்று பின்னால் ஒரு கேரியர் அடித்து, அதன்மேல் இன்னொரு பேட்டரி வைத்தார்கள்.

அப்போது கடைப்பக்கம் முயல் செண்பகம் வந்தாள். தன் நிழலையே இரண்டு தடவை விசாரித்துவிட்டுத்தான் கூட நடக்கவிடுவாள்.

"வண்டி முன்னாடி விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

ஞானதுரை முன்பக்கம் கம்பித் தடுப்பு போட்டான்.

"பின்னாடி விழுந்தா?"

பின்பக்கமும் போட்டான்.

"மேல இருந்து ஏதாவது விழுந்தா?"

நான்கு கால் நட்டுக் கூரை போட்டான்.

செண்பகம் வெகுநேரம் யோசித்தாள். "வண்டி மட்டும் விழுந்து, அக்கா விழாமப் போயிட்டா?"

இதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஞானதுரை சொன்னான்: "அப்போ ரெண்டையும் சேத்துக் கட்டிருவோம்."

அவனிடம் பூட்டு வைத்த, வளைகிற இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. ஒருமுனை வண்டியில், மறுமுனை ஓட்டுகிறவர் இடுப்பில். பூட்டினால் பெருச்சாளிப் பல்லுக்கும் அசையாது. கோமதியம்மாளை ஏற்றி உட்காரவைத்துப் பூட்டினான். தலைக்கு ஹெல்மெட்டும் மாட்டிவிட்டான்.

"கம்பிக்குச் சாவி?"

"பத்திரமா பெட்டிக்குள்ள இருக்குக்கா."

"பெட்டிக்குச் சாவி?"

"அதுவும் அங்கதான். ரெண்டும் ஒரே இடத்துல இருந்தாத்தான் தேட வேண்டாம்." சொல்லிவிட்டுப் பெட்டியை அழுத்தி மூடினான். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது.

சரியாக அந்த நேரத்தில் முள்ளம்பன்றி இசக்கிமுத்து மலையிலிருந்து ஓடிவந்தான். "யம்மா, எம் பொண்டாட்டி மாடத்திக்கு வலி எடுத்துட்டு! தலைப்பிரசவம். தனியா கிடக்கா. பயந்து கத்துதா. சட்டுனு வாங்க!"

"நீ முன்னாடி ஓடு. நான் உனக்கு முந்தி அங்க நிப்பேன்" என்று கோமதியம்மாள் ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள்.

வண்டி 'ம்ம்ம்' என்றது. லைட் எரிந்தது. பேன் சுற்றியது. ஸ்பீக்கர் பாடியது. வண்டி மட்டும் போகவில்லை. சங்கரபாண்டி தள்ளினான். செண்பகம் தள்ளினாள். இசக்கிமுத்து தள்ள வந்தபோது மற்ற இருவரும் முள் குத்திவிடும் என்று விலகிக்கொண்டார்கள். சக்கரம் நகரவில்லை, மண்ணுக்குள் புதைந்தது.

"வண்டி கிடக்கட்டும், நடந்தே போறேன்" என்று கோமதியம்மாள் குதித்தாள். கம்பி அவளைத் திரும்ப சீட்டிலேயே உட்காரவைத்தது.

"ஞானதுரை! பெட்டியக் கொத்தி ஒடைடா!"

"ஒடைச்சா வாரண்டி போயிருமேக்கா" என்றான் அவன், நிஜமான கவலையோடு.

இசக்கிமுத்து மரங்கொத்தியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், உச்சி மலையைப் பார்த்தான். வந்த வழியே ஓடினான்.

கோமதியம்மாள் எத்தனையோ பிரசவத்துக்குப் பிந்திப் போயிருக்கிறாள். கிளம்பவே முடியாமல் போனது இதுதான் முதல் தடவை. அழுதாள். மூச்சு பட்டு ஹெல்மெட் கண்ணாடி மங்கிவிட்டது. துடைக்கலாமென்றால் கண்ணீர் உள்பக்கம், கை வெளிப்பக்கம்.

மேகம் இருட்டிக்கொண்டு தூறல் போட ஆரம்பித்தபோது மலையிலிருந்து இருவர் இறங்கி வந்தார்கள். மாடத்தி ஒரு கையால் தன் இடுப்பையும் மறு கையால் புருஷன் காதையும் பிடித்திருந்தாள்.

"மருத்துவச்சி எங்க?" என்றாள்.

"அந்தா, வண்டியில" என்று காட்டினான் சங்கரபாண்டி.

"இறங்கி வரச் சொல்லுங்க."

"இறங்க முடியாதாம்."

"அப்போ வண்டிய எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."

"அதுவும் முடியாதாம்."

மாடத்தி காதை இன்னும் கொஞ்சம் திருகினாள். பிறகு வேறு வழியில்லாமல் கேரியரில் ஏறிப் படுத்தாள். மழை பிடித்துக்கொண்டது. கூரை இருந்ததால் ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. பேட்டரியின் சூடு முதுகுக்கு இதமாக இருந்தது. பேன் முகத்துக்கு வீசியது. வலி வரும்போதெல்லாம் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள், தடுப்பு வளைந்தது. கோமதியம்மாளால் திரும்ப முடியாது. ஆகவே பக்கத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி வேலை பார்த்தாள்.

"பயப்படாத தாயி. நான் எங்கயும் போகமாட்டேன்" என்றாள். அன்றைக்கு அது முழுக்க உண்மை.

"யம்மா, செத்துருவேன் போல இருக்கே!"

"வண்டியே இவ்வளவு தாங்குது, நீ தாங்கமாட்டியா? முக்கு!"

குட்டி பிறந்தது. நல்லவேளை, முள்ளம்பன்றிக் குட்டிக்குப் பிறக்கும்போது முள் மெத்தென்று இருக்கும். அது போட்ட முதல் 'வீல்' சத்தத்தில் அலாரம் கிளம்பி, காடு முழுக்க ஊளையிட்டது. செண்பகம் மயங்கி விழுந்தாள். இசக்கிமுத்து ஒரு காது மட்டும் சிவந்துபோய் நின்று சிரித்தான். ஞானதுரைக்கு மனம் தாங்கவில்லை. "வாரண்டி போனாப் போவுது" என்று பெட்டியைக் கொத்தி உடைத்துச் சாவியை எடுத்தான்.

கோமதியம்மாள் இறங்கி இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள். "முதல் வேலையா எல்லாத்தையும் கழட்டு. எனக்குக் கொக்கி போதும்."

கழற்றியிருப்பான். ஆனால் அலாரம் கேட்டுக் காடே வந்துவிட்டது. ஒரு நிறைமாத மான், ஒரு கரடி, குடும்பத்தோடு ஒரு காட்டுப்பன்றி. "கூரை இருக்காம், பேன் இருக்காம், பாட்டு வேற போடுதாங்களாம். நாங்களும் இங்கதான் பிள்ளை பெறுவோம்" என்றார்கள்.

"வலியோட நீங்க எதுக்கு மலை ஏறி இறங்கணும்? நான் உங்க வீட்டுக்கு வாறதுக்குத்தான் இந்த வண்டி!"

"எங்க வீட்டுல பேன் இருக்கா?" என்று கேட்டாள் கரடி.



அதற்குப் பிறகு எல்லோரும் வண்டியைத் தேடித்தான் வந்தார்கள். பாதி வழியில் பிறந்துவிட்ட குட்டிகளும் உண்டு. அவற்றைத் தூக்கிவந்து கேரியரில் ஒரு தடவை கிடத்தி எடுத்து, "இங்கதான் பொறந்தது" என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டார்கள். கோமதியம்மாளுக்கும் கால்வலி விட்டுப்போயிற்று. சங்கரபாண்டி வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று நின்று பாட்டுக் கேட்டான்.

ஒருநாள் உலகநாத யானை பார்வையிட வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார், பேனில் முகத்தைக் காட்டினார், ரொம்பச் சந்தோஷப்பட்டார். புறப்படும்போது அவர் முகம் திடீரென்று மாறியது.

"ஏம்மா, விவரம் தெரியாதவன் எவனாவது ஏறி இதை ஓட்டிட்டுப் போயிட்டா பிள்ளைத்தாச்சிங்க கதி என்ன?"

செண்பகம் அந்த இடத்திலேயே மயங்கினாள்.

யானை தும்பிக்கையால் வண்டியைத் தூக்கிப் பிடித்தார். ஞானதுரை இரண்டு சக்கரத்தையும் கழற்றி அப்பால் உருட்டிவிட்டான். கீழே இறக்கி வைத்ததும் வண்டி நன்றாக, அசையாமல், தரையோடு தரையாக உட்கார்ந்தது.

"இதுல தேவையில்லாம இருந்த சாமான் அது ரெண்டுதான்" என்றார் யானை. காடே கைதட்டியது.

நீதி: வண்டி ஓடவில்லையே என்று வருந்தாதே, அதற்குக் கூரை போடு. கட்டடத்தைப் பார்த்து ஏன் ஓடவில்லை என்று எவரும் கேட்பதில்லை.