கழுவிய தண்ணீரைக் காப்பாற்றிய கதை

தண்ணீர் பவுசர் வண்டிக்கு வரிசையில் நின்று பழகியவனை இரசாயன ஆய்வுகூடத்துக்குள் விடவே கூடாது. விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

மீள்குடியேறி வந்த புதிதில், மன்னார்ப் பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் அடிப்படை இரசாயனவியல் வகுப்புத் தொடங்கினார்கள். என் மகள் வினோதினி இடம்பெயர்வில் படிப்பு அறுந்துபோனவள். இதில் சித்தியடைந்தால் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலைக்குப் பயிற்சி எடுக்கலாம். ஆனால் பன்னிரண்டு பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு நடக்குமாம். தலைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். அப்போதும் பதினொன்றுதான். கந்தோரில் கணக்கெழுதும் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற நான் பன்னிரண்டாவது மாணவனானேன். (வயதெல்லை எதுவும் போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.)

முதல் செய்முறை வகுப்பிலேயே எனக்கு நெஞ்சு பதறியது. அமிலத்துக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்கு அளவி என்றொரு நீண்ட கண்ணாடிக் குழாய். வேலை முடிந்ததும் அதைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, அந்த நீரைத் தொட்டிக்குள் ஊற்றினார்கள். ஆளுக்கு மூன்று தரம்! எங்கள் ஊரில் ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணீருக்குச் சண்டை நடந்த காலம் அது.

அடுத்த வகுப்பிலிருந்து தொட்டிக்குள் ஒரு பேசின் பாத்திரத்தை வைத்தேன். எல்லாரும் போனபின், சேர்ந்த தண்ணீரை வடித்து, காய்ச்சி வடித்த நீர் இருந்த கானுக்குள்ளேயே திருப்பி ஊற்றினேன். கான் குறையவே இல்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட.

செய்முறைப் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து பரீட்சகர் வந்தார். ஒரே அமிலம், ஒரே காரம், கலக்க அதே கான் தண்ணீர்; எல்லாருக்கும் ஒரே விடை வரவேண்டும். பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு விடை. பரீட்சகர் கானிலிருந்து வெறும் தண்ணீரை ஒரு குடுவையில் எடுத்தார். காரத்தைக் கண்டால் மட்டும் சிவக்கும் காட்டித் திரவத்தில் இரண்டு சொட்டை அதற்குள் விட்டார். தண்ணீர் ரோசாப்பூ நிறமானது.

வகுப்பெடுத்த மிஸ்ஸின் முகம் வெளிறியது. "கானை ஆர் நிரப்பினது?"

பெருமையோடு கையை உயர்த்தினேன். "நான்தான் மிஸ். நீங்கள் கழுவி ஊத்துறதை வீணாக்காமல் சேர்த்து விட்டனான்."

வினோதினி தலையில் கைவைத்தாள். "ஐயோ அப்பா, அது காரம் ஒட்டின குழாயைக் கழுவின தண்ணி!"

"வடிச்சுத்தானே பிள்ளை ஊத்தினனான்."

"என்னத்தால?"

"முகம் துடைக்கிற லேஞ்சியால."

பரீட்சகர் சிரிக்கவில்லை. "ஒரு மணித்தியாலம் தாறன். நல்ல தண்ணி வராட்டில் பரீட்சை இல்லை. பிறகு எப்ப வருவனெண்டும் சொல்லேலாது."

புதிதாக வடிக்க அரை நாள் வேண்டும். மிஸ் அழுமாப்போல நின்றா. வினோதினிதான் திடீரென்று கத்தினாள்: "அப்பா, கராஜில வாகனப் பற்றரிக்கு விடுறதும் வடிச்ச தண்ணிதான்! ஓடுங்கோ!"

வெள்ளைக் கோட்டோடேயே ஓடினேன். பஸ் நிலையத்தடியில் கழுதைகள் வழியை மறித்து நின்றன. மாட்டு வைத்தியர் வருகிறார் என்று நினைத்தனவோ என்னவோ, ஒன்றும் விலகவில்லை. ஏழு கழுதைகள். (பதற்றத்திலும் எண்ணுவேன்.)

கராஜுக்குள் புகுந்து கத்தினேன்: "பற்றரித் தண்ணி! இருக்கிறதெல்லாம் தாங்கோ!"

கராஜ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஐயா, லொறியோ?"

"இல்லை, மகள்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். போத்தல்களை அள்ளித் தந்து, தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தும் விட்டார்.

பரீட்சகர் மறுபடி இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. எனக்குத்தான் கண் கலங்கியது. பரீட்சை நடந்தது. வினோதினி சித்தியடைந்தாள். அளவியின் வாயை உடைத்த நான் மட்டும் கோட்டை விட்டேன்.

மகள் இப்போது ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. நான் எழுபதைத் தாண்டிவிட்டேன். எங்காவது நடந்துவிட்டு மூச்சு வாங்க வந்து கதிரையில் விழுந்தால், உள்ளேயிருந்து மருமகனுக்கு அவளுடைய கட்டளை வரும்: "அப்பா களைச்சுப் போனார், பற்றரிக்குத் தண்ணி விடுங்கோ!"

அவர் செம்பில் கொண்டுவந்து தருவார். மகளும் வந்து நின்று, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தைவிட்டு அசையமாட்டாள். மிச்சத்தைக் குடத்துக்குள் திருப்பி ஊற்றிவிடுவேனாம்.