குருமாவில் கரைந்த அலமாரி

எனக்குச் சமைக்கத் தெரியும் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். என் மாமியார் ஒருமுறை நம்பினார். அதன் பலனை இன்றுவரை நான்தான் அனுபவிக்கிறேன்.

அப்போது அவர் மாமியார் ஆகியிருக்கவில்லை. ரூபனைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். (ரூபனும் ஒத்துக்கொண்டிருந்தான்.) அவன் அம்மா சம்மதம் மட்டும் பாக்கி. "வேலைக்குப் போற புள்ளைக்கு வீட்டுப் பொறுப்பு இருக்கா, பாக்கணும்" என்று ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, மலேசியாவில் சுவாப் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட் வீட்டுக்கு மகனோடு சாப்பிட வந்தார்.

பொறுப்பைக் காட்ட என்னிடம் ஒரு சங்கதி இருந்தது. எங்கள் சமையலறை மர அலமாரிக்கு அடியில் தினமும் கொஞ்சம் கசகசா கொட்டிக் கிடக்கும். மேல்தட்டில் ஏதோ பொட்டலம் கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். (ஏறிப் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? அவ்வளவு சுறுசுறுப்பு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை!) வீணாக்காமல் கூட்டி அள்ளி, சலித்து, பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தேன். அன்று தேங்காயோடு அரைத்து, கோழிக் குருமாவில் தாராளமாகக் கலந்தேன்.

ரூபனின் அம்மா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "குருமா நல்லா கெட்டியா இருக்கு லா! கசகசா எங்க வாங்குன?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் டின்னைக் கொண்டுவந்தேன். "வாங்கவே இல்ல ஆன்ட்டி. அலமாரிக்குக் கீழ கொட்டுறத சேத்து வெச்சேன்."

"பாத்தியாடா, எவ்ளோ சிக்கனம்!" என்று அவர் டின்னை மகனிடம் நீட்டினார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ரூபனுக்குச் சிரம்பானில் பூச்சி மருந்து அடிக்கும் வேலை.

ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தான். கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தான். எழுந்துபோய் அலமாரியைத் தட்டினான். மரத்துக்குள் ஒன்றுமே இல்லாதது போல் சத்தம் கேட்டது. பாவி, அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கசகசா அவரை வெத மாதிரி வளைஞ்சிருக்கும். இது ஆறு பட்டையா இருக்கு பாருங்க. கறையான் மரத்த தின்னுட்டு ஓட்டை வழியா வெளிய தள்ளுறது."

"எதடா தள்ளுது?"

"கறையான் பீ, ம்மா."

கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அப்பா தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். கல்யாணம் போச்சு என்று நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்த அம்மா போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். என் அப்பாவிடம் திரும்பினார்.

"சீக்கிரம் கல்யாணத்த வெச்சிருவோம்ங்க. இந்தப் புள்ளைக்குப் பூச்சி தெரிஞ்சவன் ஒருத்தன் பக்கத்துலயே இருக்கணும். இல்லன்னா யாரையாச்சும் சாகடிச்சிரும்!"

அழுதுகொண்டே சிரித்தேன்.

இன்றும் நான் குருமா வைத்தால், ரூபன் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தட்டின் முன்னால் உட்காருவான். மாமியார் விளக்கெல்லாம் அடிப்பதில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு, வந்த விருந்தாளிகள் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்பார்:

"இன்னிக்கு எந்த அலமாரிம்மா?"