அட்டையில் இருக்கும் ஆள்

அன்புள்ள அக்காவுக்கும், அவளுக்கு முன்னால் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிடும் அத்தானுக்கும் தம்பியின் பணிவான வணக்கம். இங்கு நான் நலம். இந்த ‘நான்’ விஷயத்தில்தான் கொஞ்சம் சிக்கல், அதற்காகவே எழுதுகிறேன்.

வேலை அனுமதி வரத் தாமதமாகிறது என்று முன்பு எழுதினேன் அல்லவா, அதில் பாதியைத்தான் சொன்னேன். சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்த நம் ஆள் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, எங்கள் அறைச் சமையல்காரர் அவருடைய அடையாள அட்டையை என் கழுத்தில் மாட்டி, “பேசாம போடா, இவங்க கண்ணுக்கு நாம எல்லாரும் ஒண்ணுதான்” என்றார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று போனேன். காவலாளி படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “மீசை எங்கே?” என்றான். மீசை வளர்த்தேன். வகிட்டை வலப்பக்கம் மாற்றினேன். அத்தோடு விட்டார்களா? “என்ன, இன்னிக்கு நொண்டலையே?” என்று மேற்பார்வைக்காரி கேட்கிறாள். அந்த மனுஷருக்கு இடது கால் இழுக்குமாம், ஒரு பயல் என்னிடம் சொல்லவில்லை! சோற்றுக்கு வந்த இடத்தில் காலுக்கு வக்காலத்து வாங்க முடியுமா, நொண்டினேன். மத்தியானத்துக்கு மேல் மறந்துபோய் வலது காலை இழுத்ததற்கு, “ஐயோ, அதுவும் போச்சா?” என்று இரக்கப்பட்டு உட்கார்ந்து மடிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டாள்.

சிரிக்காதே அக்கா, இனிமேல்தான் கதையே இருக்கிறது. போன மாதம் வருடாந்தரப் பரிசோதனை என்று கம்பெனி மருத்துவர் என் காலை எக்ஸ்ரே எடுத்தார். குட்டு உடைந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நான் செருப்பைத் தேட, அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “பழைய முறிவு நல்லாவே கூடியிருக்கு” என்றார். எனக்கு எந்தக் காலும் எந்தக் காலத்திலும் முறிந்ததில்லையே! முறிந்திருந்தால் நீதானே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாய்? வாய் திறந்தால் வேலை போகும், தலையாட்டிவிட்டு வந்தேன். படி இறங்கும்போது இடது கால் நிஜமாகவே வலித்தது. இப்போதெல்லாம் மழைக்கு முன்பே வலிக்கிறது. மறுநாள் சமையல்காரர் சர்க்கரை போடாத காப்பியை நீட்டினார். மூன்று கரண்டி போடுகிற நான் மடக்மடக்கென்று குடித்துவிட்டேன். “உங்களுக்கு எப்பவும் இப்படித்தானே” என்றார். என்னை வாடா போடா என்றவர்! “யோவ், நான் யாருன்னு தெரியுதா?” என்று சட்டையைப் பிடித்தேன். “விளையாடாதீங்கண்ணே” என்று அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. கண்ணாடியில் அட்டைக்காரர்தான் பல் தேய்க்கிறார். அடுத்த மாதம் விடுப்பில் வருகிறேன். நீ கதவைத் திறந்து, “யாருங்க, யார் வேணும்?” என்று கேட்டுவிட்டால் நான் எங்கே போவேன்? ஊர் உலகம் என்னை யாராக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், நீ ஒருத்தி “வாடா தடியா” என்றால் போதும். அதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு, சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், என்னை விசாரித்தவர்களுக்கு என் விசாரிப்பு, விசாரிக்காதவர்களுக்கும் அதே.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி (என்றே நம்புகிறேன்)

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதிவிட்டுப் பார்த்தால் அது நம் வீட்டு முகவரி இல்லை. நான் காலே வைக்காத ஊர், கதவு எண் வரை கை தானாக எழுதியிருக்கிறது. அட்டைக்காரரின் வீடாகத்தான் இருக்க வேண்டும். அடித்துவிட்டுச் சரியாக எழுதலாம் என்றால் அக்கா இருக்கும் தெரு எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆகவே, அந்த வீட்டு அம்மாவுக்கு: மேலே உள்ளது எதுவும் உங்களுக்கு எழுதியதல்ல, பதற வேண்டாம். தம்பியைக் காணோம் என்று யாராவது ஓர் அக்கா தேடிக்கொண்டு வந்தால் இதைக் கொடுத்துவிடுங்கள். சின்னவளுக்குக் காதுவலி தேவலையா? எண்ணெய் ஊற்றாதே என்று உனக்கு எத்தனை தரம் சொல்வது?