நம்பர் என்னோடதே இருக்கட்டும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பொல்லாத இனம் இல்லை, நல்ல இனம். அதுதான் சிக்கலே. அடுத்தவர் பாரத்தைத் தாங்களாகவே வந்து தூக்கிக்கொள்வார்கள். தூக்கியதை இறக்க மாட்டார்கள். இறக்கச் சொன்னால் முகம் வாடிவிடும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயிலில் மைக் செட் அறையைத் திறக்க ஒருவர்தான் வரவேண்டும். குடியிருப்பில் தண்ணீர் மோட்டாருக்கு எந்த சுவிட்ச் என்று ஒருவருக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் இனம்.

விவேக் நகர் ஓஸ்வால்ட் அந்த இனத்தில் நன்றாகப் பழுத்தவர். ஒரு பெரிய கம்பெனியிடம் மெயில் கணக்குகளை மொத்தமாக வாங்கி, சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் அவரவர் கடைப் பெயரிலேயே அமைத்துக் கொடுத்து, பிறகு வரும் பழுதுகளைப் பார்த்துக்கொள்வது அவர் தொழில். அறுபத்தொரு வாடிக்கையாளர்கள். ஒருவரிடமும் அதிர்ந்து பேசியதில்லை.

அவர் கணக்கு தொடங்கும் அழகைப் பார்க்க வேண்டும். லேப்டாப்பைத் திறந்ததும் ஒரு சிலுவை போட்டுக்கொள்வார். நாற்காலியைத் திருப்பி, திரைக்கும் உங்களுக்கும் நடுவே தன் அகலமான முதுகை வைத்து, உங்கள் தொழில் என்னவென்று விசாரித்து, அதற்குப் பாதுகாவலரான புனிதர் யாரென்று யோசித்து, அவர் பெயரையும் திருநாள் தேதியையும் சேர்த்து பாஸ்வேர்டாக்கி, அதை உங்கள் போனிலும் தானே அடித்து, ஒரு பழைய நோட்டில் தனக்கு மட்டும் புரியும்படி படமாக வரைந்து மூடிவிடுவார். தச்சுப் பட்டறைக்கு சூசையப்பர். பார்சல் தொலையக் கூடாத கூரியர்காரருக்கு அந்தோணியார். இந்துக்கள் வந்தால், “உங்க குலதெய்வம் யாரு சார்?” என்று மரியாதையாகக் கேட்டு அவரையே வைத்துவிடுவார். சாமி விஷயத்தில் பாரபட்சம் இல்லாதவர்.

பாஸ்வேர்ட் என்னவென்று கேட்டால்? பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார் மாதிரி மெல்லச் சிரிப்பார். அவ்வளவுதான்.

ஜீவனஹள்ளியில் எட்டுத் தையல் மெஷின் வைத்து ஃபேக்டரி யூனிஃபார்ம் தைக்கிற வனஜா, கணக்கு தொடங்க வந்தபோது கொஞ்சம் விவரமாகவே கேட்டாள்.

“மறந்துட்டா திறக்கறதுக்கு ஏதோ போன் நம்பர் கேக்குமாமே ண்ணா. என் நம்பர் போட்டுடுங்க.”

“உனக்கு எதுக்கும்மா தொல்லை? கோட் வரும். நீ மெஷின்ல இருப்பே. போனைப் பாக்கப் போய் ஊசி விரல்ல ஏறிடும். நம்பர் என்னோடதே இருக்கட்டும்.”

இப்படி அறுபத்தொரு கடைக்கும் நம்பர் அவருடையதே இருந்தது. ஆகையால் போன் அடிக்கும். குளிக்கும்போது அடிக்கும், பூசையில் அடிக்கும், அடக்கத்துக்குப் போனால் கல்லறையில் அடிக்கும். “பாரு பெர்னதெத், நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியுதா?” என்று மனைவியிடம் பெருமூச்சு விடுவார்.

“போன் அடிக்காத அன்னிக்கு நீங்க சாப்பிடறதே இல்லையே” என்பாள் பெர்னதெத்.

இந்தத் தவக்காலத்தில் ஓஸ்வால்ட் மூன்று நாள் மௌன தியானத்துக்குப் போனார். ஓசூர் ரோட்டில் கன்னியர் நடத்தும் தியான இல்லம். உள்ளே போகிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. போனை வாசலிலேயே அணைத்து, சிஸ்டர் ஐரின் நீட்டும் துணிப்பையில் போட்டுவிட வேண்டும். மற்றவர்கள் போட்டார்கள். இவர் பிள்ளையை போர்டிங்கில் விடுகிறவர் மாதிரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போட்டார். வாடிக்கையாளர்களுக்குச் சொன்னாரா? சொல்லவில்லை. சொன்னால் வேறு வழி தேடிக்கொள்வார்களே.

இரண்டாம் நாள் மத்தியானம் வனஜாவின் போன் தண்ணீர் வாளியில் விழுந்து செத்தது. அன்றைக்கென்று பீன்யா ஃபேக்டரி ஒன்றிலிருந்து நானூறு யூனிஃபார்முக்கு ஆர்டர் வந்திருந்தது. அளவுகள் சரி என்று அதே மெயிலிலிருந்து மாலை ஐந்துக்குள் பதில் போகவேண்டும். போகாவிட்டால் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். எட்டுப் பெண்களுக்கு இரண்டு மாச வேலை. வனஜா தம்பியின் போனை வாங்கி அதில் மெயிலைத் திறந்தாள். அது பாஸ்வேர்ட் கேட்டது.

விவேக் நகருக்கு ஓடிவந்தாள். பெர்னதெத் நோட்டைப் புரட்டினாள். வனஜா பெயருக்கு எதிரே ஒரு சூலம் வரைந்திருந்தது.

“உங்க குலசாமி யாரும்மா?”

“முனீஸ்வரன்க்கா.”

“அவருக்குத் திருநாள் என்ன தேதி?”

“அவருக்கு ஏதுக்கா தேதி? நாங்க எப்ப லீவ் போட்டு ஊருக்குப் போறமோ அன்னிக்குத்தான்.”

மூன்று தேதிகளை அடித்துப் பார்த்தார்கள். மூன்றாவதோடு கணக்கு பூட்டிக்கொண்டது. இனிமேல் கோட் வந்தால்தான் உண்டு. கோட் வரவேண்டிய போன் துணிப்பையில் கிடந்தது.

ஓஸ்வால்ட் அப்போது மரத்தடியில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டினாரே ஒழிய, மனசு அதில் இல்லை. அடிக்காத போனின் மணிச்சத்தம் காலையிலிருந்தே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டருகே ஆட்டோ நின்று, வனஜாவும் பெர்னதெத்தும் இறங்கி ஓடிவந்ததைக் கண்டதும் அவர் நெஞ்சில் முதலில் எழுந்தது பயம் இல்லை. ஒரு சின்ன சந்தோஷம். ஆண்டவர் மன்னிப்பாராக.

விஷயத்தைக் கேட்ட சிஸ்டர் ஐரின் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். மணி நாலு முப்பத்தைந்து. கோட் வந்தது.

“சொல்லுங்கண்ணா, நானே அடிச்சிடறேன்.”

ஓஸ்வால்ட் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மௌனம் அல்லவா? பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் ‘நான் பாத்துக்கறேன்’ என்று எழுதிக் காட்டி, அவள் கொண்டுவந்த தம்பி போனையும் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து முதுகைத் திருப்பினார். கண்ணாடி சிற்றாலயத்திலேயே இருந்துவிட்டது. மூன்றை எட்டாகப் படித்து அடித்தார். தவறு என்றது. எட்டை ஆறாக்கினார். அதுவும் தவறு. புதுக் கோட் கேட்டார். இது ஒன்றுதான், பிறகு நாளைக்குத்தான் என்றது அந்தப் போன்.

“அண்ணா, பிள்ளைங்க துணியை விரிச்சு வெச்சிட்டு உக்காந்திருக்காங்க ண்ணா” என்றாள் வனஜா.

ஓஸ்வால்ட் இன்னும் குனிந்தே இருந்தார். சிஸ்டர் ஐரின் முன்னால் வந்து நின்றார்.

“ஏங்க, ஆண்டவர் மோட்சத்துச் சாவியையே பேதுரு கையில குடுத்துட்டார். இவன் என்னை மூணு தடவை தெரியாதுன்னு சொல்லுவான்னு தெரிஞ்சே குடுத்தார். இந்தப் பொண்ணும் மூணு தடவைதான் தப்பா அடிச்சா. ஒரு லெட்டர் பெட்டிச் சாவி குடுக்க உங்களுக்கு என்னங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு போனையும் வனஜாவின் கையில் வைத்தார். அவள் அடித்தாள். திறந்தது. பாஸ்வேர்டைத் தானே யோசித்து வைத்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு பதில் போனது. ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்புவதற்குள் பீன்யாவிலிருந்து ‘வெட்ட ஆரம்பிக்கலாம்’ என்று வந்துவிட்டது. போகிறபோக்கில், “கோச்சுக்காதீங்கண்ணா” என்று சொல்லி, கணக்கில் இருந்த அவர் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டுக்கொண்டாள்.

சேதி பரவாமல் இருக்குமா? ஈஸ்டருக்குள் ஒவ்வொருவராக வந்து நம்பர் மாற்றச் சொன்னார்கள். ஓஸ்வால்ட் மறுக்கவில்லை. நாற்காலியை ஒதுக்கிப் போட்டு, திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இப்போதெல்லாம் பூசையில் ஒரு சத்தமும் இல்லை. காணிக்கை எடுக்கும் நேரத்தில் மட்டும் போனை மெதுவாக வெளியே எடுத்து, டவர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தப்பில்லை. போன மாதம் நீங்கள் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்ததே, சிலிண்டர்க்காரர் வாசலில் நிற்கிறார், கோட் உங்கள் போனுக்குத்தான் வந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்கள் என்று. “ஒரு நாள் நிம்மதியா விடமாட்டீங்களா, நான் இல்லன்னா இந்த வீட்ல ஒண்ணும் நடக்காதா?” என்று அலுத்துக்கொண்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அலுத்துக்கொண்டது சரி. எதிர் சீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரி ஏன் அலுத்துக்கொண்டீர்கள்?